நான் ஒன்றாக்கிய இரண்டு போத்தல்கள்

1

இந்தக் கிழமை எங்கள் கதவுப்பிடியில் மறுபடியும் அந்தக் கடதாசி தொங்கியது. கனடாவில் நாங்கள் இருக்கும் மொன்ட்ரியால்-நோரில் வீடு வீடாகத் தொங்கவிடுவார்கள். தீயணைப்புக்காரர் வரப்போகிறார்கள், புகை மணி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். முழுவதும் பிரெஞ்சில் இருக்கும். பக்கத்துக் கதவு ஹெயிட்டிக்காரர் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். நான் அதைக் கையில் பிடித்தபடி வெளிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் இதே கடதாசி வந்தபோது நான் செய்த ஒரு வேலையால் என் மகளுடைய வலது கை போயிருக்க வேண்டியது.

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபத்தாறு வருடம். குடியுரிமை எடுத்து, வீடு வாங்கி, தலையும் நரைத்துவிட்டது. இன்றைக்கும் காருக்குப் பின்னால் பொலிஸ் கார் வந்தால் ஓரமாக நிறுத்தி அதைப் போகவிட்டுத்தான் ஓட்டுவேன். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அரசாங்கக் கடித உறையை இரண்டு நாள் உடைக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருப்பேன். என் மனைவி வதனிதான் கடைசியில் உடைப்பாள். பெரும்பாலும் குப்பை எடுக்கும் நாள் மாறியது பற்றித்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

2

இப்படிப்பட்டவனின் ஒரே மகள் கைத்துப்பாக்கி சுடுகிறாள்.

ஆரணி இங்கே பிறந்தவள். கண்ணாடிக் கடையொன்றில் கண் பரிசோதிக்கும் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு சிநேகிதி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போக, அப்படியே பிடித்துக்கொண்டது. பாடம் எடுத்தாள், பரீட்சை எழுதினாள், அனுமதிப்பத்திரம் எடுத்தாள். இப்போது இந்த நாட்டில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. அவள் அந்தத் தடை வருவதற்கு முன்னரே ஒன்றை வாங்கிவிட்டாள். அவள் அதைச் சொன்ன அன்று வதனி சாப்பிடவில்லை.

“சுடுறதுக்கோடி பிள்ளை உன்னை இஞ்ச பெத்து வளர்த்தனாங்கள்?”

“அம்மா, அது பேப்பர். நான் பேப்பரைத்தான் சுடுறன்.”

பேப்பரைச் சுடுவதற்கும் காசு போகிறது. ஆகவே சுடுகிற பலர் துப்பாக்கி ரவையைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். வெடித்து முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, அடிபட்டதும் பொறி கொடுக்கும் புதிய பற்றுவாயை அடியில் அழுத்தி, உள்ளே மருந்துப் பொடி போட்டு, மேலே ஈயச் சன்னத்தைப் பொருத்தினால் ரவை மறுபடி உயிர் பெற்றுவிடும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. துப்பாக்கி அவளுடைய சின்ன வாடகை வீட்டில் பூட்டுக்குள் இருக்கும். நிரப்பும் யந்திரத்துக்கு அங்கே இடமில்லை. எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்றில், ஒரு மேசையில் பொருத்தி வைத்தாள்.

நான் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரில் வெறும் கோது ஒன்று வளவில் கிடந்தாலே வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. அது எங்கள் வளவுக்கு எப்படி வந்தது என்று ஆமிக்காரர் கேட்பார்கள், அதற்கு விடை கிடையாது. இங்கே என் வீட்டுக்குள், என் சலவை யந்திரத்துக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் வாளி நிறையக் கோது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே அவள் பிரெஞ்சில் தன்னையே திட்டிக்கொள்வது கேட்டது. இறங்கிப் பார்த்தேன். தராசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரே பொடியை வைத்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டியது. மற்ற எதிலும் நான் அவளுக்கு உதவ முடியாது. நிறுப்பது என் தொழில். நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் பிஸ்கட் கம்பனிகளுக்குச் சேர்மானப் பொடி நிறுத்துக் கொடுக்கும் களஞ்சியத்தில் பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

“மேல பார் பிள்ளை. சூட்டுக் காத்து வாற ஓட்டை நேரா தராசுக்கு மேல இருக்கு. அதை மூடு. தராசைப் போட்டு அரை மணித்தியாலம் சும்மா விடு. பேந்து படிக்கல்லை வைச்சுப் பாத்திட்டு நிறு.”

மூடினாள். தராசு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததாக ஞாபகமில்லை.

3

அன்றிலிருந்து ஞாயிறு இரண்டு மணிக்கு எங்களுக்கு வேலை. தொலைபேசியில் எங்களோடு ஐந்து சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தாள்.

அளவி என்று ஒரு குடுவை இருக்கிறது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஓர் அளவு பொடி விழும். அது இடத்தை வைத்து அளப்பது. பாரத்தைத் தராசு சொல்ல வேண்டும். ஒரு கிராமைப் பதினைந்தாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கிரெய்ன். அதைப் பத்தாகப் பிரித்தால் வருகிற துளிதான் இங்கே கணக்கு. பலர் பத்துக்கு ஒன்றை நிறுத்துப் பார்ப்பார்களாம். நான் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். கூடினால் சிறிய கரண்டியால் எடுப்பேன், குறைந்தால் விரலால் கரண்டியைத் தட்டித் தட்டி இடுவேன். அவள் சன்னத்தைப் பொருத்துவாள்.

“அப்பா நிறுத்தா சரி,” என்று சிநேகிதிக்குத் தொலைபேசியில் தமிழில் சொல்லி, பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை கிழமைக்கு ஒரு தடவை அடுப்புக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது.

மேசையில் இரண்டு போத்தல் பொடி இருந்தது. ஒன்று அவள் வழக்கமாகப் போடுவது. மற்றது முன்பு பாவித்து, பிடிக்காமல் விட்டது. இரண்டும் கறுப்புச் சாம்பல் நிறம், இரண்டும் பாதிக்குக் குறைவு. ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு மிச்சம் என்று போத்தலோடு நிறுத்து, ஒட்டுநாடாவில் எழுதி வைப்பாள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடதாசி வந்தது. நாளைக்கு வருகிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. தீயணைப்பு, சீருடை, வீட்டுக்குள் வருவார்கள், பேஸ்மென்றுக்கும் போவார்கள். சட்டப்படி அந்த அளவு பொடி வீட்டில் வைத்திருக்கலாம் என்று ஆரணி எனக்குப் பலதடவை சொல்லியிருக்கிறாள். சட்டம் தெரிந்தவனுக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? வாசலில் சீருடை நின்றால் எனக்குச் சட்டம் மறந்துவிடும்.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கதை வந்தால் எங்கள் அம்மா முதலில் செய்வது பாதிச் சாக்கு அரிசி இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டுவதுதான். மண்ணெண்ணெய்ப் போத்தல் இரண்டு இருந்தால் ஒன்றாக ஊற்றுவா. ஒன்று என்றால் வீட்டுக்கு, இரண்டு என்றால் மற்றது யாருக்கு என்று கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வாத்தியாரை வீட்டில் இரண்டு டோர்ச் லைற் இருந்ததற்காகக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் தாங்கித்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு ஒழுங்கை முழுக்க ஒவ்வொரு சாமானும் ஒவ்வொன்றுதான்.

நான் யோசிக்கவில்லை. கை யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கீழே இறங்கினேன். ஒரு போத்தலைத் திறந்து மற்றதற்குள் ஊற்றினேன். வெறும் போத்தலை வதனியின் அரிசி வாளிக்குள் புதைத்தேன். களஞ்சியத்தில் ஒரு சேர்மானத்தில் வேறொன்று ஒரு கரண்டி விழுந்தாலும் முழு வாளியையும் கொட்டச் சொல்பவன் நான். அன்று ஊற்றி முடித்ததும் எனக்கு மூச்சு ஆறுதலாக வந்தது.

4

மறுநாள் வந்த தீயணைப்புக்காரர் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். “பொன்சூர்” என்று வணக்கம் சொன்னாள், சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டினாள், மேலே இரண்டு புகை மணியை அமுக்கிப் பார்த்தாள், கீழே வந்தாள். மேசையில் தனியாக நின்ற போத்தலைப் பார்த்து, சீட்டை வாசித்து, ஏதோ கேட்டாள். நீங்களா நிரப்புகிறீர்கள் என்று கேட்கிறாள் என்பது விளங்கியது. மகள், மகள் என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். தன்னுடைய அப்பாவும் செய்கிறவராம். மான் வேட்டைக்குப் போகிறவராம். புகை மணிக்குப் புது பற்றரி போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாமாக ஏழு நிமிடம்.

இனி ஆரணி கண்டுபிடித்தால் என்ன சொல்வாள் என்ற பயம் வந்தது. முன்பொரு தடவை அவளுக்கு வந்த ஒரு கடிதத்தை நான் பயத்தில் ஒளித்து வைத்து, அவள் திகதியைத் தவறவிட்டாள். “அப்பா, நீங்கள் எல்லாத்தையும் ஒளிக்கிறீங்கள், எனக்கு மூச்சு முட்டுது,” என்று சொல்லிவிட்டுத்தான் தனியாக வீடெடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் என்ன செய்வேன்?

ஆகவே வெறும் போத்தலை அரிசிக்குள் இருந்து எடுத்துத் துடைத்தேன். கலந்த பொடியில் பாதியை அதற்குள் திருப்பி ஊற்றினேன். ஒட்டுநாடாவில் அவள் எழுதிய எண் வரும்வரைக்கும் கரண்டியால் தட்டித் தட்டி இட்டேன். இரண்டு போத்தலும் பழைய பாரத்துக்குத் துளி பிசகாமல் வந்தன. பதினெட்டு வருடத் தொழில் அல்லவா. எண்ணெயையும் தண்ணீரையுமா கலந்தேன், ஒரு பொடியோடு இன்னொரு பொடி, என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் படியால் கீழே இறங்க மனம் வரவில்லை.

5

ஞாயிறு இரண்டு மணி. அடுத்த சனிக்கிழமை கழகத்தில் அவளுக்குப் போட்டி. ஐம்பது ரவை வேண்டும்.

அளவியை ஒரு தடவை இழுத்தவள் புருவத்தைச் சுருக்கினாள். “இண்டைக்கு வேற மாதிரி விழுது அப்பா. பாரம் எப்பிடி?”

“கொஞ்சம் பிசகுது.”

“குளிர் மாறினதாலயாக்கும்.” அளவியின் திருகாணியைத் திருப்பினாள். “இப்ப?”

“இப்ப சரி.”

ஐம்பதையும் நிறுத்தேன். ஒவ்வொன்றும் துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் பெட்டியில் அடுக்கி, நாள் எழுதி, குளிர்க்கோட்டைப் போட்டாள். அப்போதுதான் கேட்டேன். அதற்கு முன்னர் கேட்டிருக்கலாம்.

“பிள்ளை, இந்த ரெண்டு போத்தலும் ஒரே சாமான்தானே?”

“இல்லையப்பா. மற்றது கெதியா எரியும், அதில கொஞ்சம்தான் போடவேணும். நாங்கள் போடுறது ஆறுதலா எரியும், கூடப் போடலாம். மாறிப் போட்டா, இல்லாட்டி ரெண்டும் கலந்தா, துவக்கு கைக்குள்ளயே வெடிச்சிடும். அதாலதான் ஒரு நேரத்தில ஒரு போத்தலைத்தான் திறக்கிறனான். ஏன் கேக்கிறியள்?”

“சும்மா கேட்டனான்.”

சும்மா கேட்டனான். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அது. என் பிள்ளை அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓரடி தூரத்தில் நிற்கிறாள். தா என்று வாங்கினால் முடிந்தது. நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் மேலே போய் அம்மாவிடம் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள்.

6

அன்று மாலை அழைத்தேன். பிரெஞ்சில் அவளுடைய பதிவுக் குரல் வந்தது. வைத்துவிட்டேன். திங்கள் குறுஞ்செய்தி எழுதி அழித்தேன். செவ்வாயும் எழுதி அழித்தேன். போட்டி சனிக்கிழமைதானே, அதற்கு முன் அவள் சுடமாட்டாள், புதன் சொல்லலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புதன் வதனி கேட்டாள், “என்னப்பா, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு? வேலையில ஏதும் பிரச்சினையோ?” இல்லை என்றேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்ற நிலை. சாப்பாட்டுக் கோப்பையைப் பிடிக்கிற என் வலது கையைப் பார்ப்பேன். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பிறகும் சொல்லவில்லை.

வியாழன் மத்தியானம். களஞ்சியத்தில் தொலைபேசியை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் நிறுக்கும் அறைக்குள் போக வேண்டும். சாப்பாட்டு நேரம் எடுத்துப் பார்த்தேன். ஆரணியிடமிருந்து அரை மணித்தியாலத்துக்கு முந்திய செய்தி. இன்றைக்கு அவளுக்கு லீவாம். புது ரவையைப் பழகிப் பார்க்கக் கழகத்துக்குப் போகிறாளாம். கடைசியில் ஒரு சிரித்த முகம்.

அழைத்தேன். சுடும்போது காதை மூடியிருப்பார்கள், எப்படிக் கேட்கும்? மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. தலை உறையோடும் வெள்ளைக் கோட்டோடும் காரில் ஏறினேன். அந்தக் கழகம் மொன்ட்ரியால் தீவுக்கு வெளியே, மேற்கே. இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன், தெரியாத ஒன்றிரண்டு பேரையும் கூப்பிட்டேன். வழியில் அம்புலன்ஸ் ஒன்று எதிரே போனது. அது யாருக்காகவோ போயிருக்கும். நான் இன்னும் வேகமாக ஓட்டினேன்.

உள்ளே மேசையில் ஒரு வயதானவர். உறுப்பினர் அட்டையைக் கேட்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெடிச்சத்தம். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இவ்வளவு கிட்ட கேட்கிறேன். குந்திவிட வேண்டும் போல இருந்தது. குந்தவில்லை. மகள், பொடி, கூடாது என்று மூன்று சொல்லைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் விளங்காமல் பார்த்தார். அவருடைய மேசையில் இரண்டு கையாலும் அறைந்து, “ஸ்டொப்!” என்று கத்தினேன். நான் ஒருவரையும் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெடி நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது இடத்திலிருந்து ஆரணி காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு கையும் இருந்தன. நான் அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடதாசி, அரிசி வாளி, ஒட்டுநாடா எண், ஒன்றும் விடவில்லை.

“நாலு வெடி அடிச்சிட்டன்,” என்றாள். “நல்லா உதைச்சுது. நீங்கள் நிறுத்ததுதானே, பாரம் சரியாத்தான் இருக்கும், நான்தான் பிழையாப் பிடிக்கிறன் எண்டு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சனான்.”

சுவரோடு இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ஞாயிற்றுக்கிழமை. நீ சொன்ன உடனை.”

அவள் கத்தவில்லை. “இண்டைக்கு வியாழன்,” என்று மட்டும் சொன்னாள்.

முதியவர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். நடந்தது என்ன, ரவையை நிரப்பியவர் யார் என்று நிரப்ப வேண்டும். அவள் தன் பெயரை எழுதினாள்.

“பிள்ளை, என்ர பேரை எழுது.”

“உங்கட பேரை எழுதினா உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பினம்.” தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே சொன்னாள். “நீங்கள் தாங்க மாட்டீங்கள் அப்பா.”

சனிக்கிழமைப் போட்டிக்கு அவளை விடவில்லை. மூன்று மாதம் சொந்தமாக நிரப்பிய ரவையைக் கழகத்துக்குக் கொண்டுவரக் கூடாது, பாதுகாப்புப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவள் பெயருக்கு வந்த கடிதம். போத்தல்களை எடுக்க வந்த அன்று எனக்குக் காட்டினாள், நான் வாசித்தேன், திருப்பி வாங்கி மடித்து வைத்தாள். மிச்ச ரவைகளையும் இரண்டு போத்தல்களையும் அவளே எடுத்துப்போய் அழித்தாள்.

7

அதன் பிறகு பதின்மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. அம்மாவோடு கதைத்தாள். என்னைப் பற்றிச் சுகம் கேட்டாள். வதனிக்கு விசயம் தெரிந்த அன்று என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே இருந்து அழுதாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஆமியைப் பயம், பொலிசைப் பயம், கடிதத்தைப் பயம். இவ்வளவு காலமும் பயம் என்பது வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு வருவது என்றே நினைத்திருந்தேன். என் பிள்ளை பயப்பட வேண்டிய ஆள் நானாக இருப்பேன் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பதினான்காவது ஞாயிறு கார்ச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றி, நேரே கீழே போனாள். நான் மேலேயே நின்றேன்.

“அப்பா, வாங்கோ.”

இறங்கினேன். புதிதாக ஒரே ஒரு போத்தல், மூடி முத்திரை உடைக்காதது. சூட்டுக்காற்று ஓட்டையை மூடியிருந்தாள். என் தராசு என் இடத்தில் இருந்தது. அவளுடைய பக்கத்திலும் ஒரு தராசு, புதிது.

உட்கார்ந்து நிறுத்தேன். கரண்டியைத் தட்டித் தட்டித் துளி துளியாக இட்டு, எண் சரியாக வந்ததும் சின்னக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் அதைக் கோதுக்குள் ஊற்றவில்லை. தன்னுடைய தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகுதான் ஊற்றினாள்.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“பிள்ளை, வேணுமெண்டா நான் மேல போறன். நீயே நிறு.”

“இருங்கோ,” என்றாள்.

நான் அந்தப் போத்தல்களைக் கலந்து ஒரு வருடமாகப் போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். வேலைக்கதை சொல்கிறாள், சிரிக்கிறாள், போன கிழமை ஒருவனைப் பற்றியும் சொன்னாள், அவன் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. பேசிக்கொண்டே என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்குகிறாள், தன் தராசில் வைக்கிறாள், பேச்சை ஒரு கணம் நிறுத்தி எண்ணைப் பார்க்கிறாள். நேற்றும் ஐம்பதும் சரியாகத்தான் இருந்தன. ஐம்பதையும் நிறுத்துப் பார்த்தாள்.